உங்கள் மென்பொருளுக்குள் யாருடைய உரிமங்கள் இருக்கின்றன? மொழி, லைப்ரரி, லைசென்ஸ்: முழுமையான வழிகாட்டி

"பைத்தான் இலவசம்தானே, அதில் எழுதியதை நான் காசுக்கு விற்கலாமா?" மென்பொருள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாக விற்கலாம். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் மொழி அல்ல. அந்த மொழியில் எழுதும்போது நாம் இழுத்துக்கொள்ளும் லைப்ரரிகளையும் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்), அவற்றை அந்த மொழி நம் புரோகிராமோடு எப்படிச் சேர்க்கிறது என்பதையும்தான் பார்க்க வேண்டும். அதே உரிமம் சி மொழியில் ஒரு மாதிரி வேலை செய்யும், ரஸ்ட் மொழியில் வேறு மாதிரி வேலை செய்யும்.

பேச வசதியாக ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். எழுதுவது பைத்தானில். திரைக்கு க்யூட்டி என்ற லைப்ரரி, தரவுக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பில்லை பிடிஎஃப் ஆக்க ஒரு லைப்ரரி. கடைசியில் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி கொண்டு விண்டோஸில் ஓடும்படி கட்டி, மூலநிரல் (நாம் எழுதிய வடிவிலேயே உள்ள நிரல்) தராமல் விற்கப் போகிறோம். ஒவ்வொரு படியிலும் இந்த மென்பொருளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். பக்கத்தில் ஒரு விரிதாளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலை நிரப்பிக்கொண்டே வந்தால் படித்து முடிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

படி 1: மொழியைத் தனியாக, கருவியைத் தனியாகப் பாருங்கள்

மொழி என்பது இலக்கணமும் விதிகளும். அதற்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் மொழியில் எழுதிய புரோகிராம்களை ஓட்டக்கூடிய வேறொரு மென்பொருளை வேர்ல்ட் புரோகிராமிங் என்ற நிறுவனம் உருவாக்கியபோது அது வழக்காகி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. கணினி நிரல்களுக்கான ஐரோப்பியப் பதிப்புரிமை விதி ஒரு நிரலின் செயல்பாட்டையோ, அதில் பயன்படும் மொழியையோ, தரவுக் கோப்பின் வடிவத்தையோ பாதுகாக்காது என்று 2012 மே மாதம் தீர்ப்பு வந்தது.

அமெரிக்காவில் ஆரக்கிள் கூகுள் மேல் 2010-இல் தொடுத்த வழக்கு 2021 ஏப்ரல் வரை இழுத்தது. ஆண்ட்ராய்டுக்காக ஜாவாவின் 37 தொகுப்புகளிலிருந்து கூகுள் எடுத்துக்கொண்ட சுமார் 11,500 அறிவிப்பு வரிகள் பற்றிய வழக்கு அது. அப்படி எடுத்தது நியாயமான பயன்பாடுதான் என்று உச்ச நீதிமன்றம் 6-2 என்று தீர்ப்பளித்தது. ஏபிஐ-க்கு (ஒரு நிரலை மற்ற நிரல்கள் கூப்பிட உதவும் அறிவிப்புகளின் தொகுப்பு) பதிப்புரிமை உண்டா, இல்லையா என்ற கேள்வியை அது முடிக்கவில்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் இது நியாயமான பயன்பாடுதான் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது.

உரிமம் இருப்பது நிரலைக் கணினிக்கு மொழிபெயர்த்துத் தரும் கம்பைலருக்கும், நிரலைப் படித்து அப்படியே ஓட்டும் இன்டர்ப்ரெட்டருக்கும், அவற்றோடு வரும் அடிப்படை லைப்ரரிக்கும். ஒரே சி மொழிக்கு ஜிசிசி இருக்கிறது, அது ஜிபிஎல் 3 (முழுப் புரோகிராமின் மூலநிரலையும் கேட்கும் உரிமம், விவரம் 3-ஆம் படியில்). கிளாங் இருக்கிறது, அது சில விலக்குகளோடு கூடிய அப்பாச்சி 2.0 என்ற தாராளமான உரிமம். மைக்ரோசாஃப்டின் கம்பைலர் முழுக்க முழுக்க அந்த நிறுவனத்தின் சொந்தச் சரக்கு.

ஜாவாவில் இந்த வேறுபாடு நேரடியாகப் பணத்தைத் தொட்டது. ஆரக்கிள் தரும் ஜேடிகே என்ற ஜாவா கருவித் தொகுப்பின் விதிகள் 2019-இல் மாறின. ஜாவா 8-க்கு அதன் பிறகு வந்த அப்டேட்களை வணிகப் பயன்பாட்டுக்கு எடுத்தவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. 2021-இல் வந்த ஜாவா 17-க்கு விதிகள் மறுபடியும் தளர்ந்தன, ஆனால் ஒரு காலக்கெடு வரைக்கும்தான். மொழியில் எந்த மாற்றமும் இல்லை, அதன் திறந்த மூலப் பதிப்பான ஓப்பன்ஜேடிகே-யும் அதே ஜிபிஎல் உரிமத்தில்தான் இருந்தது. எங்கிருந்து, எந்தப் பதிப்பை இறக்கினோம் என்பதுதான் செலவைத் தீர்மானித்தது. அதனால் பட்டியலின் முதல் வரியில் கருவியின் பெயரோடு பதிப்பு எண்ணையும், இறக்கிய இடத்தையும் எழுதுங்கள்.

படி 2: கருவி உங்கள் வெளியீட்டில் எதை விட்டுச் செல்கிறது?

ஜிபிஎல் கம்பைலரால் கட்டினால் நம் புரோகிராமும் ஜிபிஎல் ஆகிவிடுமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கம்பைலர் நம் நிரலை மொழிபெயர்க்கும் அளவில் நின்றுவிட்டால் ஆகாது. ஆனால் கம்பைலர்கள் தங்கள் சொந்தத் துண்டுகள் சிலவற்றையும் நம் வெளியீட்டுக்குள் வைத்துவிடுகின்றன. ஜிசிசி கட்டும் புரோகிராம்களில் அதன் லிப்ஜிசிசி என்ற துணை லைப்ரரியின் பகுதிகள் போய் உட்காரும். அதற்காகவே ஜிசிசி-க்கு ஒரு தனி விலக்கு இருக்கிறது. இப்போதைய வடிவம் 2009-இல் வந்தது. வழக்கமான முறையில் கட்டிய புரோகிராமை எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்று அது அனுமதிக்கிறது.

பைசன் இன்னும் தெளிவான உதாரணம். இலக்கணத்தைக் கொடுத்தால் பார்சரை (உரையை அந்த இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் நிரல்) எழுதித் தரும் கருவி அது. தரும் கோப்பில் பைசனுடைய சொந்த நிரலே கணிசமாக இருக்கும். தொடக்ககாலப் பதிப்புகளில் அந்த நிரல் ஜிபிஎல்-இல் இருந்ததால், அதைக் கொண்டு மூடிய மென்பொருள் செய்ய வழியில்லாமல் இருந்தது. பிறகுதான் விலக்கு சேர்த்தார்கள். நிரலை உருவாக்கித் தரும் எந்தக் கருவியைத் தொட்டாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது தரும் கோப்பில் இதன் சொந்த வரிகள் இருக்கின்றனவா, அவற்றுக்கு என்ன உரிமம்?

இன்டர்ப்ரெட்டர்களுக்கு வருவோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழிலேயே நிரல் எழுத வழிசெய்யும் மொழி. அதன் இன்டர்ப்ரெட்டர் ஜிபிஎல் 3-இல் வெளியானது. எழிலில் ஒரு மாணவர் எழுதும் புரோகிராமும் ஜிபிஎல் ஆகுமா? ஜிபிஎல்-ஐ எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே இந்த வகைக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது: இன்டர்ப்ரெட்டரின் பார்வையில் அந்தப் புரோகிராம் வெறும் தரவுதான், ஆகாது. ஆனால் அந்த இன்டர்ப்ரெட்டர் வழியாக வேறு லைப்ரரிகளைக் கூப்பிட்டால் கணக்கு மாறும். அதை 5-ஆம் படியில் பார்க்கலாம்.

நம் பில்லிங் மென்பொருளில் பைத்தானின் உரிமம் தாராளமானது. பைஇன்ஸ்டாலர் ஜிபிஎல், ஆனால் அது நம் கோப்பில் வைக்கும் துவக்கிக்கு விலக்கு உண்டு. மூடிய வணிக மென்பொருளையும் அதைக் கொண்டு கட்டலாம். இதுவரை தடை இல்லை.

படி 3: லைப்ரரிகளை அவற்றின் கோரிக்கைப்படி பிரியுங்கள்

நூற்றுக்கணக்கான உரிமங்கள் இருந்தாலும், "பதிலுக்கு என்ன கேட்கிறது" என்று பார்த்தால் சில குழுக்களில் அடங்கிவிடும்.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 மூன்றும் உங்கள் மூலநிரலைக் கேட்பதில்லை. தங்கள் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைக்கச் சொல்கின்றன. அப்பாச்சியில் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) அனுமதியும் சேர்ந்து வரும். எம்பிஎல் 2.0 தன் கோப்புகளில் நீங்கள் செய்த மாற்றங்களை மட்டும் கேட்கும். எல்ஜிபிஎல் அந்த லைப்ரரியில் செய்த மாற்றங்களைக் கேட்கும். கூடவே, பயனர் அந்த லைப்ரரியின் திருத்திய பதிப்பை உங்கள் புரோகிராமோடு சேர்த்து ஓட்ட வழி வேண்டும் என்கிறது. ஜிபிஎல் முழுப் புரோகிராமின் மூலநிரலையும் கேட்கும். ஏஜிபிஎல் ஒரு படி மேலே போய், திருத்திய பதிப்பை வலைவழியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்கிறது.

உரிமமே எழுதப்படாத நிரலும் உண்டு. இணையத்தில் திறந்து கிடக்கிறது என்பதால் அதை எடுக்க அனுமதி கிடைத்துவிடாது. பதிப்புரிமை இயல்பாகவே எழுதியவருடையது. அவர் அனுமதி தரும் வரை அது உங்களுக்கு இல்லை.

படி 4: உங்கள் மொழி லைப்ரரியை எப்படிச் சேர்க்கிறது?

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. இங்கே நிதானமாக இருங்கள்.

எல்ஜிபிஎல் 1991-இல் எழுதப்பட்டபோது அதன் மனதில் இருந்தது சி. சி-யில் லைப்ரரி என்பது தனிக் கோப்பு. தலைப்புக் கோப்பில் அறிவிப்புகள் மட்டும் இருக்கும், உண்மையான நிரல் வேறிடத்தில் இருக்கும், லிங்கர் இரண்டையும் பிணைக்கும். டைனமிக்காக (ஓடும்போது) லிங்க் செய்தால் லைப்ரரி டிஎல்எல் கோப்பாகத் தனியே கிடக்கும். பயனர் அந்த ஒரு கோப்பை மாற்றி வைத்தால் போதும், எல்ஜிபிஎல் கேட்டது நிறைவேறிவிடும். ஸ்டாட்டிக்காக (கட்டும்போதே) லிங்க் செய்தால் எல்லாம் ஒரே கோப்புக்குள் கலந்துவிடும். அப்போது பயனர் மறுபடி லிங்க் செய்துகொள்ள கம்பைல் ஆகி, இன்னும் பிணைக்கப்படாத உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது கொடுக்க வேண்டும். தடையில்லை, ஆனால் வேலை கூடுதல்.

சி++ வந்ததும் இந்தக் கணக்கு குழம்பியது. டெம்ப்ளேட் (பல தரவு வகைகளுக்கும் பொருந்தும் அச்சு நிரல்) லைப்ரரிகளில் முழு நிரலும் தலைப்புக் கோப்பிலேயே இருக்கும். அதைச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு இடத்திலும் லைப்ரரியின் நிரல் உங்கள் நிரலுக்குள்ளேயே விரிந்துவிடும். மாற்றி வைக்கத் தனிக் கோப்பு எங்கே? எல்ஜிபிஎல் 3 பத்து வரிக்குள் அடங்கும் சிறு மேக்ரோக்கள், இன்லைன் செயற்கூறுகள், டெம்ப்ளேட்கள் ஆகியவற்றுக்குச் சலுகை தருகிறது. ஆனால் அணிக் கணக்குகளுக்கான ஐகன் போன்ற லைப்ரரி முழுவதும் டெம்ப்ளேட்களால் ஆனது. பத்து வரிச் சலுகை அதற்கு எந்த மூலைக்கு? ஐகன் குழு 2012-இல் எல்ஜிபிஎல்-ஐ விட்டு எம்பிஎல் 2.0-க்கு மாறியது. எம்பிஎல் கோப்பு அளவில் பேசுவதால், லிங்க் செய்தது எப்படி என்ற கேள்வியே அங்கே எழாது. மொழியின் அமைப்பு உரிமத் தேர்வை நகர்த்தியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

லிஸ்ப் மொழியின் உலகம் இதே முட்டுச்சந்தில் வேறு வழியாக வந்து நின்றது. காமன் லிஸ்பில் மொத்தச் சூழலும் ஒரே நினைவக உருவமாகச் சேமிக்கப்படுவது உண்டு. லைப்ரரி எங்கே முடிகிறது, நம் புரோகிராம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே கோடு போட முடியாது. அதனால் ஃபிரான்ஸ் (Franz) என்ற லிஸ்ப் மென்பொருள் நிறுவனம் எல்ஜிபிஎல்-க்கு லிஸ்புக்கேற்ற ஒரு முன்னுரை எழுதி எல்எல்ஜிபிஎல் என்று வெளியிட்டது. ஓகேமல் மொழிச் சமூகத்தில் "எல்ஜிபிஎல், லிங்க் விலக்குடன்" என்பது வாடிக்கையான வாசகம். அங்கே ஸ்டாட்டிக் லிங்க்தான் வழக்கம்.

கோ, ரஸ்ட் ஆகிய இரு மொழிகளிலும் வழக்கமான முறையில் கட்டினால் லைப்ரரிகள் எல்லாம் ஒரே கோப்புக்குள் போய்விடும். அங்கே எல்ஜிபிஎல் லைப்ரரியை மூடிய மென்பொருளில் சேர்ப்பது நடைமுறையில் தலைவலி. அதனால்தானோ என்னவோ, அந்த இரு உலகங்களிலும் எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி லைப்ரரிகளே நிறைந்திருக்கின்றன. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கோ-வில் கட்டிய ஒவ்வொரு கோப்பிலும் கோ-வின் ரன்டைம் (புரோகிராம் ஓடும்போது துணைநிற்கும் நிரல்) இருக்கிறது. அதன் உரிமம் பிஎஸ்டி. ஆகவே வேறு லைப்ரரி எதுவுமே இல்லாத சின்னப் புரோகிராமுக்கும் அந்தக் குறிப்பு உடன் போக வேண்டும்.

ஜாவாவில் ஒவ்வொரு லைப்ரரியும் தனி ஜார் கோப்பு, ஓடும்போதுதான் ஏற்றப்படும். எல்ஜிபிஎல்-க்கு அது வசதி. எல்லா ஜார்களையும் உடைத்து ஒரே ஜாராகக் கட்டினால் அந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம். ஜாவாவின் அடிப்படை லைப்ரரியே ஜிபிஎல்தான் என்பதால், சன் நிறுவனம் 2006-இல் ஜாவாவைத் திறப்பதாக அறிவித்தபோது கிளாஸ்பாத் விலக்கையும் (அந்த லைப்ரரியோடு சேரும் புரோகிராமை எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்ற அனுமதி) சேர்த்தே அறிவித்தது. அந்த விலக்கு இல்லாவிட்டால் ஜாவாவில் எழுதிய வணிக மென்பொருள்கள் எல்லாம் சிக்கலில் மாட்டியிருக்கும்.

முழு ஜிபிஎல் லைப்ரரி என்றால் டைனமிக்காக லிங்க் செய்தும் தப்ப முடியாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. அதை ஏற்காத சட்ட அறிஞர்களும் உண்டு. ஆனால் ஒரு சிறு நிறுவனம் அந்தச் சண்டையைத் தன் செலவில் நடத்திப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கிளிஸ்ப் என்ற லிஸ்ப் இன்டர்ப்ரெட்டரை எழுதியவர்களில் ஒருவரான புருனோ ஹைபிளே 1992-இல் இதை அந்த அறக்கட்டளையின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மனோடு கடிதத்தில் வாதாடிப் பார்த்தார். கிளிஸ்ப், தட்டச்சு செய்யும் வரியைத் திருத்த ஜிபிஎல் உரிமம் கொண்ட ரீட்லைன் லைப்ரரியைப் பயன்படுத்தியது. தன் நிரலையும் ரீட்லைனையும் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். ஸ்டால்மன் விடவில்லை. கடைசியில் கிளிஸ்ப் முழுவதும் ஜிபிஎல் ஆனது. அந்தக் கடிதங்கள் இன்றும் கிளிஸ்போடு சேர்ந்தே வருகின்றன. அதே வேலையைச் செய்யும் லிப்எடிட் பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: இடையில் நிற்கும் பாலத்தையும் சோதியுங்கள்

பைத்தானில் நாம் "இம்போர்ட்" என்று எழுதுவதில் பல, சி அல்லது சி++ லைப்ரரியின் மேல் போட்ட மெல்லிய பாலம்தான். அப்போது உரிமம் இரண்டு இடத்தில் இருக்கும்: பாலத்துக்கு ஒன்று, அடியில் இருக்கும் லைப்ரரிக்கு ஒன்று. இரண்டும் ஒத்துவர வேண்டும்.

நம் பில்லிங் திரையைப் பாருங்கள். க்யூட்டி-யைப் பைத்தானிலிருந்து கூப்பிட இரண்டு பாலங்கள் பிரபலம். பைக்யூட்டி ஜிபிஎல் 3 அல்லது காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம். 2009-இல் நோக்கியாவின் ஆதரவில் தொடங்கிய பைசைடு எல்ஜிபிஎல்-இலும் கிடைக்கிறது. அடியில் இருப்பது ஒரே க்யூட்டி. எழுதும் நிரலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் வரியில் எதை இம்போர்ட் செய்தோம் என்பதில் முழு மென்பொருளின் மூலநிரலையும் தர வேண்டுமா, வேண்டாமா என்பது முடிவாகிவிடுகிறது. நாம் விற்கப் போவதால் பைசைடு.

அதோடு முடியவில்லை. க்யூட்டி-யின் எல்லாப் பகுதிகளும் எல்ஜிபிஎல் அல்ல. மாத விற்பனையை வரைபடமாகக் காட்டலாம் என்று க்யூட்டி சார்ட்ஸ் பகுதியை எடுத்தால், அது ஜிபிஎல் 3 அல்லது வணிக உரிமம். பைசைடை நிறுவும்போது அதுவும் சேர்ந்தே வந்துவிடுவதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப் போன்ற தாராள உரிமம் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

பிடிஎஃப் விஷயத்தில் பள்ளம் இன்னும் பெரிது. பைமியூபிடிஎஃப் வேகமானது, வசதியானது, ஆனால் ஏஜிபிஎல் அல்லது வணிக உரிமம். அடியில் உள்ள மியூபிடிஎஃப்-பும் அதே. பில் அச்சடிக்க மட்டும் என்றால் பிஎஸ்டி உரிமம் கொண்ட ரிப்போர்ட்லேப் போதும். ஜாவாக்காரர்களுக்கு ஐடெக்ஸ்டில் இதே கதை: 2009-இல் 5-ஆம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் ஆகிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து கிளைத்த ஓப்பன்பிடிஎஃப் எல்ஜிபிஎல், எம்பிஎல் உரிமங்களில் தொடர்கிறது.

படி 6: மரத்தின் அடிவரை இறங்குங்கள்

நீங்கள் பத்து லைப்ரரி சேர்த்தால் அவை தங்கள் பங்குக்கு நூறைக் கூட்டிவரும். அந்த நூறும் உங்கள் பொறுப்புதான்.

2021 மார்ச் மாதம் வலைச் செயலிகள் கட்டப் பயன்படும் ரூபி ஆன் ரெயில்ஸ் உலகத்தில் நடந்ததை இதற்குப் பாடமாகவே வைக்கலாம். மைம்மேஜிக் என்ற சிறு லைப்ரரி, ஒரு கோப்பு படமா, ஒலியா, ஆவணமா என்று கண்டுபிடித்துச் சொல்லும். உரிமம் எம்ஐடி என்று போட்டிருந்தது. ஆனால் கோப்பு வகைகளைப் பட்டியலிடும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை அது ஷேர்டு-மைம்-இன்ஃபோ என்ற வேறொரு திட்டத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்திருந்தது. அந்தக் கோப்பு ஜிபிஎல். அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர் சுட்டிக்காட்டியதும், மைம்மேஜிக்கின் ஆசிரியர் பழைய பதிப்புகளை விலக்கிக்கொண்டு ஜிபிஎல்-இல் புதுப் பதிப்பு வெளியிட்டார். ரெயில்ஸின் ஒரு பகுதி இன்னொரு லைப்ரரி வழியாக மைம்மேஜிக்கைச் சார்ந்திருந்ததால், புதிதாக ரெயில்ஸை நிறுவ முயன்றவர்கள் உலகெங்கும் முட்டிக்கொண்டு நின்றார்கள். ரெயில்ஸ் குழு அப்பாச்சி டிக்கா திட்டத்தின் தரவைக் கொண்டு மாற்று ஏற்பாடு செய்து, சில நாட்களுக்குள் திருத்திய பதிப்புகளை வெளியிட்டது.

பிடித்தது நிரலே அல்ல, ஒரு தரவுக் கோப்பு. அதனால் கருவிகளை முழுசாக நம்பிவிடக் கூடாது. பைத்தானுக்கு பிப்-லைசென்சஸ், ரஸ்டுக்கு கார்கோ-டெனை, கோ-வுக்கு கோ-லைசென்சஸ் என்று நல்ல கருவிகள் இருக்கின்றன. கட்டாயம் ஓட்டுங்கள். ஆனால் இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் லைப்ரரி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதையும், அதோடு வைத்திருக்கும் உரிமக் கோப்பையும் பார்த்துத்தான் பட்டியல் தரும். மைம்மேஜிக்கும் எம்ஐடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. முக்கியமான வெளியீட்டுக்கு முன் ஒவ்வொரு கோப்பின் உள்ளேயும் தேடும் ஸ்கேன்கோட் போன்ற ஒன்றையும் ஓட்டிவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் வீண் போகாது.

பைத்தானில் எல்லாரும் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிலும் இது நடந்தது. அதன் உரிமம் அப்பாச்சி. ஆனால் எழுத்துக் குறியீட்டைக் கண்டுபிடிக்க அது சார்ந்திருந்த சார்டெட் அப்போது எல்ஜிபிஎல். 2021 ஜூலையில் வந்த 2.26 பதிப்பில் சார்டெட்டுக்குப் பதிலாக எம்ஐடி உரிமம் கொண்ட சார்செட்-நார்மலைசருக்கு மாறினார்கள். ரிக்வெஸ்ட்ஸைத் தங்கள் தொகுப்போடு சேர்த்து விநியோகிப்பவர்களின் உரிமக் குழப்பம் தீரட்டும் என்பதே காரணம்.

படி 7: உரிமங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா?

ஒவ்வொன்றும் தனியாகச் சரியாக இருக்கும், சேர்ந்தால் மோதும். எம்ஐடி நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் எடுக்கலாம், எதிர்த்திசையில் முடியாது. அப்பாச்சி 2.0 ஜிபிஎல் 3-ஓடு சேரும். "2-ஆம் பதிப்பு மட்டும்" என்று எழுதப்பட்ட ஜிபிஎல்-ஓடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கணக்குப்படி சேராது. அப்பாச்சியின் பேட்டன்ட் நிபந்தனைகள் அதற்கு அதிகப்படி. ரஸ்ட் லைப்ரரிகளில் "எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0" என்று இரட்டையாகப் போடும் வழக்கம் இதற்கு நல்ல மருந்து. பேட்டன்ட் பாதுகாப்பு வேண்டுபவர் அப்பாச்சியை எடுப்பார், ஜிபிஎல் 2 திட்டக்காரர் எம்ஐடி-யை எடுப்பார்.

இணையத் தகவலை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் பழைய உரிமத்தில் விளம்பரங்களில் தன் பெயரைச் சொல்லச் சொல்லும் நிபந்தனை இருந்தது. அது ஜிபிஎல்-ஓடு ஒத்துப்போகாததால் வருடக்கணக்கில் ஜிபிஎல் திட்டங்கள் "ஓப்பன்எஸ்எஸ்எல்-ஓடு லிங்க் செய்ய அனுமதி" என்று தனி வாசகம் சேர்த்துக்கொண்டிருந்தன. 2021-இல் வந்த 3.0 பதிப்பு அப்பாச்சி 2.0-க்கு மாறிய பிறகு ஜிபிஎல் 3 திட்டங்களுக்கு அந்தத் தொல்லை விட்டது.

வாசகத்தையும் படிக்க வேண்டும். ஜேசன் உரிமம் பார்க்க எம்ஐடி மாதிரியே இருக்கும். உள்ளே "இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல" என்று ஒரு வரி. பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அந்த ஒரு வரிக்காக டெபியன் லினக்ஸ் திட்டமும் அப்பாச்சி அறக்கட்டளையும் அந்த உரிமத்தை ஏற்க மறுத்தன.

படி 8: மென்பொருள் பயனரிடம் எப்படிப் போகிறது?

ஜிபிஎல், எல்ஜிபிஎல் நிபந்தனைகள் உயிர்பெறுவது பிரதியைக் கைமாற்றும்போது. நிறுவனத்துக்குள்ளேயே ஓடும் கருவிக்கு அவை பெரும்பாலும் பொருந்தாது. சர்வரில் மட்டும் ஓடும் நிரலுக்கும் அப்படித்தான். ஏஜிபிஎல் மட்டும் விதிவிலக்கு. ஆனால் அந்த சர்வர் பயனரின் பிரௌசருக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட், கைமாற்றிய பிரதிதான். அதைச் சுருக்கும் கருவிகள் உரிமக் குறிப்புகளை அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பேக் என்ற கருவி அந்தக் குறிப்புகளைப் பிரித்துத் தனி உரைக் கோப்பாகப் பக்கத்தில் வைக்கும். அந்தக் கோப்பைத் தேவையில்லாத குப்பை என்று நினைத்து சர்வரிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

ஆப் ஸ்டோர்கள் தனிச் சிக்கல். ஆப்பிளின் விதிகள் ஜிபிஎல்-ஓடு ஒத்துப்போகவில்லை என்று விஎல்சி வீடியோ பிளேயரின் உருவாக்குநர் ஒருவரே ஆட்சேபிக்க, 2011 ஜனவரியில் அந்தச் செயலி ஆப்பிள் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. மறுபடி அது ஐபோனுக்கு வந்தது 2013-இல், உரிமம் மாற்றிய பிறகு.

நம் பில்லிங் மென்பொருள் கடைக்காரரின் கணினிக்கே போகிறது. பைஇன்ஸ்டாலர் இரண்டு விதமாகக் கட்டும்: எல்லாம் ஒரே கோப்புக்குள், அல்லது ஒரு ஃபோல்டராக. ஒரே கோப்பாகக் கட்டினால் க்யூட்டி-யின் டிஎல்எல்-கள் உள்ளே புதைந்திருக்கும், ஓடும்போதெல்லாம் தற்காலிக இடத்தில் விரியும். பயனர் அவற்றை மாற்ற நினைத்தால் திண்டாடுவார். ஃபோல்டராகக் கட்டினால் டிஎல்எல்-கள் கண்முன்னே கிடக்கும், வேறொன்றை வைத்தால் வேலை செய்யும். எல்ஜிபிஎல் கேட்பது அதைத்தான். பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் ஃபோல்டர்தான் சரி. போஸ்ட்கிரெஸோடு பேசும் சைகோபிஜி-யும் எல்ஜிபிஎல் என்பதால் அதற்கும் இதுவே பொருந்தும். வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தில் "எந்தப் பகுதியையும் பிரித்துப் பார்க்கக் கூடாது" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். லைப்ரரியை மாற்றிச் சோதிப்பதற்காகப் பிரித்துப் பார்ப்பதைத் தடுக்கக் கூடாது என்று எல்ஜிபிஎல் வெளிப்படையாகவே சொல்கிறது.

படி 9: குறிப்புகளைத் தயார் செய்து, கதவில் காவல் போடுங்கள்

நிறுவும் ஃபோல்டரில் ஒரு உரைக் கோப்பு வையுங்கள். ஒவ்வொரு லைப்ரரியின் பெயர், பதிப்பு, பதிப்புரிமை வரி, முழு உரிம வாசகம் அதில் இருக்கட்டும். எல்ஜிபிஎல் லைப்ரரிகளுக்கு உரிம வாசகம் மட்டும் போதாது, நீங்கள் அனுப்பிய அதே பதிப்பின் மூலநிரலையும் கிடைக்கச் செய்ய வேண்டும். எம்ஐடி லைப்ரரிகளைப் பலர் "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த எழுத்தாளர்கள் இவ்வளவு உழைப்புக்கும் கேட்டது தங்கள் பெயரை உடன் வைக்கச் சொல்லி மட்டும்தான். அதைக்கூடச் செய்யாமல் இருப்பது சரியில்லை.

உரிமப் பெயர்களை எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டில் (உரிமங்களைச் சீரான சுருக்கப் பெயரால் குறிக்கும் முறை) எழுதுங்கள். 2021-இல் அது பன்னாட்டுத் தரமாகவே ஏற்கப்பட்டது. "ஜிபிஎல்" என்று மொட்டையாக எழுதினால் 2 மட்டுமா, 2-ம் அதற்குப் பிந்தையதுமா, 3-ஆ என்று யாருக்கும் தெரியாது. அந்த வித்தியாசம்தான் 7-ஆம் படியில் மோதலைத் தீர்மானிக்கிறது. அப்புறம், அனுமதித்த உரிமங்களின் பட்டியலைத் தானியங்கிக் கட்டுமானத்தில் சேர்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத உரிமம் உள்ளே வந்தால் கட்டுமானமே நிற்கட்டும். வெளியிட்ட பிறகு ஒரு லைப்ரரியைப் பிடுங்குவதைவிட, அது நுழையும் நாளிலேயே தடுப்பது மிகச் சுலபம்.

பதிப்பு மாறும்போது உரிமமும் மாறலாம். மோங்கோடிபி என்ற தரவுத்தளம் 2018-இல் ஏஜிபிஎல்-ஐ விட்டுத் தன் சொந்த உரிமத்துக்குப் போனது. ரெடிஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் 2024 மார்ச்சில் பிஎஸ்டி-யை விட்டது, அடுத்த ஆண்டே ஏஜிபிஎல்-ஐயும் ஒரு வழியாகச் சேர்த்தது. எனவே லைப்ரரிகளின் பதிப்பு எண்களைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் பதிப்பைப் பூட்டுங்கள். அந்தப் பதிப்போடு வந்த உரிமக் கோப்பை உங்கள் களஞ்சியத்திலேயே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பெரிய பதிப்பு உயர்வு ஒவ்வொன்றின் போதும் உரிமக் கோப்பில் என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 10: நீங்களே லைப்ரரி வெளியிடுவதானால்

மொழியைப் பார்த்து உரிமத்தை முடிவு செய்யுங்கள். சி-யில் எழுதிய லைப்ரரியின் மேம்பாடுகள் பொதுவுக்குத் திரும்ப வேண்டும் என்று விரும்பினால் எல்ஜிபிஎல் இன்றும் நன்றாக வேலை செய்யும். ஜாவாவிலும் சரி. அதே விருப்பம் ரஸ்டிலோ, கோ-விலோ, டெம்ப்ளேட் நிறைந்த சி++-இலோ இருந்தால் எம்பிஎல் 2.0 எடுங்கள். எழுதியவரின் எண்ணமும் காப்பாற்றப்படும், பயன்படுத்துகிறவரும் லிங்கரோடு மல்லுக்கட்ட வேண்டாம். திரும்ப எதுவும் வேண்டாம், எல்லாரும் பயன்படுத்தினால் போதும் என்றால் அந்த மொழிச் சமூகத்தின் வழக்கத்தையே பின்பற்றுங்கள்: ரஸ்டில் எம்ஐடி-யும் அப்பாச்சியும் இரட்டையாக, நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) உலகத்தில் எம்ஐடி. சொந்தமாக உரிமம் எழுத மட்டும் இறங்காதீர்கள்.

இந்த முடிவை முதல் வெளிப் பங்களிப்பை ஏற்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பத்துப் பேர் நிரல் சேர்த்த பிறகு உரிமத்தை மாற்ற அந்தப் பத்துப் பேரின் சம்மதமும் வேண்டும். விஎல்சி-யின் மையப் பகுதியை ஜிபிஎல்-இலிருந்து எல்ஜிபிஎல்-க்கு மாற்ற, அந்தக் குழு நூற்றுக்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது.